எழுபது வளைவுகளுக்கு மேலே ஒரு சேமிப்புப் பெட்டி

அடிவாரத்துக் காரவள்ளியைக் கடந்ததும் பேருந்து மூச்சு வாங்கத் தொடங்கிவிடுகின்றது. ஒன்று, இரண்டு என்று கொண்டை ஊசி வளைவுகளை எண்ண ஆரம்பிக்கும் பிள்ளைகள், இருபதாவது வளைவிலேயே கணக்கைத் தவறவிட்டு உறங்கிப் போகின்றனர். எழுபது வளைவுகளையும் ஏறி முடித்தால் சோளக்காடு; அதற்கப்பால் செம்மேடு. வல்வில் ஓரி ஆண்டதாகச் சங்க நூல்கள் போற்றும் கொல்லிமலை இதுவே. மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் விளையும் இம்மலையில்தான் என் அக்காளின் குடும்பம் வாழ்கின்றது. மச்சான் மிளகு வாணிபம் செய்பவர்.

சென்ற ஐப்பசியில் அக்காள் தொலைபேசியில் அழைத்துச் சொன்ன ஒரு வார்த்தை என்னை உடனே பேருந்து ஏறச் செய்தது. "அத்தாவுடைய குரல் கொஞ்சம் கொஞ்சமாய் அழிஞ்சுக்கிட்டு வருது தம்பி."

மர்ஹூம் எங்கள் அத்தா 1979 முதல் 1991 வரை ஜித்தாவில் ஓட்டுநராகப் பணியாற்றியவர். கடிதம் எழுதுவதில் அவருக்கு அவ்வளவு பயிற்சி இல்லை. ஆகவே ஒலிநாடாவில் பேசி, விடுமுறையில் ஊர் திரும்புவோர் கையில் கொடுத்தனுப்புவார். வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளில் இந்தப் பேசும் கடிதங்களை அறியாதவர் இருக்க மாட்டார்கள். ஸலாத்தில் தொடங்கும், வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நலம் விசாரிக்கும், நடுவே ஒரு சூராவை ஓதும், கடைசியில் தொண்டை கரகரக்க, "நாடா முடியப் போகுது" என்று அவசரமாக நிற்கும். அப்படி 41 ஒலிநாடாக்கள் ஒரு தகரப் பெட்டியில் எங்களிடம் எஞ்சியிருந்தன. மலையின் ஈரக் காற்று அவற்றின் காந்தப் பூச்சை உதிர்த்துக் கொண்டிருந்தது. இரண்டு நாடாக்கள் ஏற்கெனவே வெறும் இரைச்சலாகிவிட்டிருந்தன.

அக்காள் மகள் கணினி அறிவியல் படித்தவள். அவளே பொறுமையாக ஒவ்வொரு நாடாவையும் ஓடவிட்டுக் கணினியில் பதிந்தாள். இதில் குறுக்கு வழியே கிடையாது. 1963ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகம் செய்த நாள் முதல், இவ்வகை நாடா வினாடிக்கு 4.76 சென்டி மீட்டர் வேகத்தில்தான் ஓடுகின்றது. ஒரு மணி நேர நாடாவைப் பதிய ஒரு மணி நேரம் ஆகியே தீரும். ஒலியைச் சுருக்காமல் பதிந்தால் மணிக்கு 635 எம்.பி. இடம் கொள்ளும். 41 நாடாக்களும் சேர்ந்து 26 ஜி.பி. அவற்றோடு நன்னா காலத்துப் பத்திரங்களும் பழங்கடிதங்களுமாக 3,000 பக்கங்களின் படிமங்கள் 78 ஜி.பி.; நிக்காஹ் வீடியோ நாடாக்கள் 22 மணி நேரத்துக்கு 286 ஜி.பி.; 38,000 புகைப்படங்கள் 57 ஜி.பி. ஆக மொத்தம் ஏறத்தாழ 450 ஜி.பி. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை இவ்வளவுதான்.

இவை அனைத்தையும் வைக்க மச்சான் ஒரு சேமிப்புப் பெட்டி வாங்கியிருந்தார். கடைக்காரர்கள் அதனை 'நாஸ்' என்கின்றனர். சிறியதொரு கணினியும், அதனுள் 4 டி.பி. கொள்ளளவுள்ள இரண்டு ஹார்ட் டிஸ்குகளும் கொண்ட பெட்டி. வீட்டு ரவுட்டரோடு கேபிளால் இணைத்துவிட்டால், வீட்டிலுள்ளோர் எவரும் தத்தம் கைப்பேசியிலிருந்தோ மடிக்கணினியிலிருந்தோ அதில் வைக்கலாம், எடுக்கலாம். இதற்கு இணையம் தேவையில்லை. மழை பெய்தால் கைப்பேசிக் கோபுரமே மௌனமாகிவிடும் மலைப் பகுதிக்கு இது பெரிய அனுகூலம்.

இஷாத் தொழுகைக்குப் பின் காப்பி எடுக்க விட்டு உறங்கியிருக்கின்றனர். நள்ளிரவில் இடியுடன் மழை, மின்சாரம் போய்விட்டது. காலையில் பார்த்தால் பெட்டியில் கோப்புகள் வரிசையாக நின்றன. பதினேழாம் எண் நாடாவும் இருந்தது. அதன் அளவும் சரியாகவே காட்டியது. மடிக்கணினியில் இடமில்லாமற் போனதால், அங்குள்ளதை அழித்துவிட எண்ணியிருந்த வேளையில், ஏதோ நினைவில் அக்காள் அந்த நாடாவை ஓடவிட்டுக் கேட்டிருக்கின்றாள். 23ஆம் நிமிடத்தில், "சின்னவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது..." என்ற சொல்லோடு குரல் அறுந்து, எஞ்சிய பகுதி முழுதும் நிசப்தம். சின்னவன் என்பது நான்தான்.

அழிக்கும் பொத்தானை அழுத்தாமல் தடுத்த அல்லாஹ்வுக்கே புகழனைத்தும்!

ஏன் ஓர் இரவில் காப்பி முடியவில்லை? வேகம் போதவில்லை என்பதே காரணம். அப்படியாயின் வேகம் எவ்வளவு, எங்கே தடைப்படுகின்றது என்று அளந்து பார்ப்பதே முதல் வேலை என்றாள் அக்காள் மகள். இரண்டு நாட்கள் அவளருகே அமர்ந்து கற்றுக்கொண்டதையே வாசகர்களோடு பகிர்ந்து கொள்கின்றேன்.

படியும் மரக்காலும்

பெட்டியின் அட்டையில் வினாடிக்கு 1000 என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தனர். 1000 எம்.பி. என்று எண்ணிக் கொண்டால் ஏமாற்றமே. வலையமைப்பின் வேகத்தைப் பிட் கணக்கில் சொல்வது வழக்கம். கோப்பின் அளவையோ பைட் கணக்கில் சொல்கின்றனர். ஆங்கிலத்தில் சிறிய 'பி' எழுத்தானால் பிட், பெரிய 'பி' எழுத்தானால் பைட். எட்டுப் பிட் ஒரு பைட். நம் பாட்டிமார் வாய்பாட்டில் எட்டுப் படி ஒரு மரக்கால் என்று இருந்ததே, அதே கணக்கு. (மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபட்டது என்பார் உண்டு, பைட் அப்படி வேறுபடாது என்பது ஓர் ஆறுதல்.) படிக் கணக்கில் விலை பேசி, மரக்கால் கணக்கில் எதிர்பார்த்து நிற்பது வாங்குவோரின் பிழையன்று, எழுதும் விதம் அப்படி.

ஆகவே 1000 மெகாபிட் என்பது வினாடிக்கு 125 எம்.பி.யே. அதிலும் அனுப்புவோர், பெறுவோர் முகவரிகளுக்கும் சரிபார்ப்புக் குறிப்புகளுக்கும் ஒரு பங்கு போய்விடும். நல்ல நிலையில் 110 முதல் 118 வரை கிடைத்தால் அது நிறைவான வேகம். 100 மெகாபிட் இணைப்பானால் 12.5 எம்.பி.; கைக்கு வருவது 11 அளவே.

இவ்விரண்டு எண்களையும் மனத்தில் இருத்திக் கொண்டு சோதனையில் இறங்கினோம். முதலில், வைஃபை வழியாக 20 ஜி.பி. அளவுள்ள ஒரு வீடியோக் கோப்பை அனுப்பினோம். வினாடிக்கு 6 எம்.பி. கிடைத்தது. மச்சான் வீட்டுச் சுவர்கள் மலைக் கல்லால் ஆனவை. ரவுட்டர் கூடத்தில், மடிக்கணினி உள்ளறையில். இந்த வேகத்தில் 450 ஜி.பி. போய்ச் சேர 21 மணி நேரம் ஆகும். அடைமழைக் காலத்தில் இம்மலையில் 21 மணி நேரம் மின்சாரம் இடைவிடாது இருக்கும் என்று நம்புவதற்கு மிகுந்த துணிவு வேண்டும்.

அடுத்து, மடிக்கணினியையும் ரவுட்டரோடு கேபிளால் பிணைத்தோம். 11.3 எம்.பி. வந்தது. மூன்று முறை அனுப்பியும் அதே 11.3. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"இது நல்ல சேதி மாமா" என்றாள் அக்காள் மகள். எனக்கு விளங்கவில்லை. அவள் விளக்கினாள். டிஸ்க் சோர்ந்தால் எண் ஏறி இறங்கும். வைஃபையும் அப்படித்தான். அசையாமல் ஒரே இடத்தில் நிற்கும் எண் ஒரு சுவரில் முட்டிக் கொண்டிருக்கின்றது என்று பொருள். 11.3 என்றால் அந்தச் சுவர் 100 மெகாபிட். அதாவது, 1000 ஓட வேண்டிய வழியில் ஏதோ ஒரு கண்ணி 100 ஆகச் சுருங்கியிருக்கின்றது.

டிஸ்கைச் சம்பந்தப்படுத்தாமல் வழியை மட்டும் அளப்பதற்கு 'ஐபெர்ஃப்' என்றோர் இலவச மென்பொருள் உண்டு. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எந்தக் கோப்பையும் தொடாமல், வெறும் தரவை அனுப்பி அளந்து காட்டும். பெட்டியில் ஒன்றும் மடிக்கணினியில் ஒன்றுமாக அதனை இயக்கியபோது 94 மெகாபிட் என்றது. குற்றம் பெட்டியிலும் இல்லை, டிஸ்கிலும் இல்லை. வழியில்தான் என்பது உறுதியாயிற்று.

லேன் கேபிளுக்குள் எட்டு மெல்லிய செம்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பட்டு நான்கு இணைகளாக இருக்கின்றன. 1995இல் வந்த 100 மெகாபிட் முறைக்கு இரண்டு இணைகள் போதும். 1999இல் வந்த 1000 மெகாபிட் முறைக்கோ நான்கும் வேண்டும். ஒரு கம்பி அறுந்தாலும் இருமுனைக் கருவிகளும் தமக்குள் பேசிக் கொண்டு, "சரி, நூறிலேயே போவோம்" என்று இறங்கி வந்துவிடுவதுண்டு. வீட்டாருக்கு எந்த அறிவிப்பும் கிடைப்பதில்லை. 1973இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் முதலானோர் ஈத்தர்நெட் முறையை உருவாக்கியபோது அதன் வேகம் 3 மெகாபிட்டுக்கும் சற்றுக் குறைவே. அறுந்த கம்பியோடு ஓடிய எங்கள் கேபிளின் வேகம் அதனைப் போல் முப்பது மடங்கு என்பதை எண்ணினால் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

கேபிளைக் கையால் தடவிக் கொண்டே சென்றோம். உள்ளறைக் கதவின் கீழ், நிலைப்படியில் நசுங்கிக் கிடந்தது. நாள்தோறும் கதவு அதன்மேல் ஏறி இறங்கியிருக்கின்றது. நாமக்கல்லிலிருந்து வரவழைத்த புதிய கேபிளை மாற்றியதும் 112 எம்.பி. வந்தது. பத்து மடங்கு வேகம். கேபிளின் விலையோ இருநூறு ரூபாய்க்கும் குறைவு. புதிய பெட்டி வாங்க வேண்டுமோ என்று கவலையுற்றிருந்த மச்சான், அன்று மாலை எல்லோருக்கும் பலாச்சுளை வாங்கித் தந்தார்.

ஏமாற்றும் எண்கள்

வேகச் சோதனையில் கிடைக்கும் எண் எப்பொழுதும் உண்மை பேசுவதில்லை. ஒரு சிறிய கோப்பை எழுதி, உடனே திரும்பப் படித்தால், அது டிஸ்கிலிருந்து வருவதில்லை. பெட்டியின் நினைவகத்தில் நின்றபடியே திரும்பி வருகின்றது. வாசலில் வைத்த நெல்லை எடுத்து வந்துவிட்டுக் குதிரிலிருந்து எடுத்ததாகச் சொல்வது போன்றது இது. ஆகவேதான் பெட்டியின் நினைவகத்தைக் காட்டிலும் பல மடங்கு பெரிய கோப்பாக, 20 ஜி.பி. கோப்பை எடுத்துக் கொண்டோம். வெறும் பூச்சியங்களால் நிரப்பிய சோதனைக் கோப்பும் கூடாது. சில சாதனங்கள் அதனைச் சுருக்கிவிட்டு இல்லாத வேகத்தைக் காட்டும். நம் வீட்டு நிக்காஹ் வீடியோவைப் போலச் சிறந்த சோதனைப் பொருள் வேறில்லை.

அரை நிமிடத்தில் சோதனையை நிறுத்திவிடுவதும் தவறு. ஹார்ட் டிஸ்கில் வெளிவட்டத்தில் எழுதும்போது வேகம் மிகுதி. உள்வட்டத்துக்குச் செல்லச் செல்ல ஏறத்தாழப் பாதியாகிவிடும். புதிய காலி டிஸ்கில் கிடைக்கும் வேகம், அது நிறைந்த பின் கிடைக்காது. மற்றொன்றும் உண்டு. ஓட்டு வீட்டுக் கூரையில் ஓட்டின்மேல் ஓடு ஏறி நிற்பதுபோல், தடங்களை ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து எழுதும் ஒருவகை டிஸ்க் இருக்கின்றது. குறைந்த இடத்தில் மிகுதியாக எழுதலாம். ஆனால் தொடர்ந்து எழுதும்போது திடீரென்று தளர்ந்துவிடும். இவ்வகை டிஸ்குகளையும் வகையைக் குறிப்பிடாமலே விற்று வந்தனர் என்பது 2020இல் வெளிப்பட்டு, தயாரிப்பாளர்கள் தங்கள் பட்டியல்களில் அதனைக் குறிப்பிட நேர்ந்தது. ஒரு மணி நேரமாவது ஓடவிட்டுப் பார்த்தால் இந்தத் தளர்ச்சி தானே தெரிந்துவிடும். எங்கள் டிஸ்குகளில், அல்லாஹ்வின் அருளால், அக்குறை இல்லை.

புகைப்படங்களை அனுப்பியபோதோ 112 எனும் வேகம் 22 ஆக வீழ்ந்தது. இம்முறை கேபிள் குற்றமற்றது. 38,000 சிறு கோப்புகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் பதிய வேண்டும், இடம் ஒதுக்க வேண்டும், திறந்து மூட வேண்டும். ஒரு மூட்டை மிளகை எடை போடுவதற்கும், அதனையே நூறு நூறு கிராம் பொட்டலமாக எடை போடுவதற்கும் உள்ள வேறுபாட்டை மச்சானுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

வெளி டிஸ்கிலிருந்து காப்பி எடுப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மடிக்கணினியில் பழைய யு.எஸ்.பி. துளையில் செருகினால் 35 எம்.பி. அளவோடு நின்றுவிடும். உள்ளே நீல நிறமாக உள்ள துளை பெரும்பாலும் வேகமானது.

அனைத்தையும் சரிசெய்த பின், ஒரு சிறிய யு.பி.எஸ். வழியாகப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் மின்சாரம் கொடுத்து, லுஹர் தொழுதுவிட்டுக் காப்பியைத் தொடங்கினோம். ஒரு மணி 40 நிமிடத்தில் முடிந்துவிட்டது, அஸருக்கு முன்பே. 21 மணி நேரமாக இருந்திருக்க வேண்டிய வேலை!

முகாபலா

வேகமாகச் சேர்ந்துவிட்டது என்பதாலேயே சரியாகச் சேர்ந்துவிட்டது என்று ஆகிவிடுமா? பதினேழாம் நாடா எங்களுக்கு ஊட்டிய பாடம் மறக்கக் கூடியதன்று. பெயர் இருந்தது, அளவு இருந்தது, பொருள் இல்லை.

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். ஹதீஸ் நூல்களைப் பெயர்த்தெழுதும் மாணவர், எழுதி முடித்ததும் மூலப் பிரதியோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட வேண்டும். இதற்கு முகாபலா என்று பெயர். ஒப்பிடாத பிரதியை அறிஞர்கள் நம்பத் தகுந்ததாகக் கொள்ளவில்லை. ஹிஜ்ரி 463இல் (கி.பி. 1071) பக்தாதில் மறைந்த இமாம் கதீப் அல் பக்தாதி அவர்கள் அருமையானதொரு வழியைப் பரிந்துரைத்தார்கள். ஒவ்வொரு ஹதீஸின் முடிவிலும் ஒரு வெற்று வட்டத்தை இட்டு வைக்க வேண்டும். ஒப்பிட்டு முடித்த பின்பே அவ்வட்டத்தினுள் ஒரு புள்ளி வைக்க வேண்டும். நூலைத் திறப்பவர் எங்கே புள்ளி இருக்கின்றது, எங்கே வட்டம் வெறுமையாய் நிற்கின்றது என்று பார்த்தவுடனே அறிந்து கொள்வார்.

கணினியில் இந்தப் புள்ளியை வைப்பதற்கு வழி உண்டு. கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் படித்து, 64 எழுத்துகள் கொண்ட ஒரு கைரேகையை உண்டாக்கும் கணக்கு முறைக்கு 'ஷா 256' என்று பெயர். கோப்பில் ஒரேயொரு பிட் மாறினாலும் கைரேகை முற்றிலும் மாறிவிடும். மூலத்துக்கும் காப்பிக்கும் தனித்தனியே கைரேகை எடுத்து ஒப்பிட்டால் போதும்; விண்டோஸ் கணினியிலேயே அதற்கான கட்டளை அடங்கியிருக்கின்றது. முதல் இரவின் காப்பியை இவ்வாறு சோதித்தபோது நான்கு கோப்புகள் பொய் சொல்லிக் கொண்டிருந்தன என்பது தெரிய வந்தது. இரண்டாம் முறை காப்பியில் ஒன்றுகூடப் பிசகவில்லை. ஒப்பிட்டு முடிந்த ஒவ்வொரு கோப்புக்கும் நேராக, ஒரு நோட்டுப் புத்தகத்தில் வட்டமும் புள்ளியும் இட்டு வைத்தாள் அக்காள் மகள். அந்த யோசனை மட்டும் என்னுடையது.

இனி, பெட்டியில் இரண்டு டிஸ்க் இருப்பதால் இரண்டு காப்பி இருக்கின்றது என்று மச்சான் எண்ணியிருந்தார். பலரும் அப்படித்தான் எண்ணுகின்றனர். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படுகின்றது என்பது மெய். ஒன்றில் அழிப்பது மற்றதிலும் அழியும் என்பதும் மெய். இடி விழுந்தால் இரண்டும் ஒரே கூரையின் கீழ்தான். டிஸ்க் ஒன்று பழுதானால் வேலை நிற்காமலிருக்க அது உதவும். பாதுகாப்புக்கு மற்றொரு காப்பி மற்றோர் ஊரில் வேண்டும்.

இம்மலை மக்களுக்கு இது புதிய செய்தியன்று. சாமை, தினை, கேழ்வரகு விதைகளைத் தொம்பை எனும் குதிரில் இட்டுக் காத்து வந்தவர்கள் அவர்கள். மரவள்ளி பெருகிச் சிறுதானியப் பரப்பு சுருங்கியபோது, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு சமுதாய விதை வங்கிகள் இங்கே அமைந்தன. ஒரு வீட்டு விதை கெட்டாலும் பொதுத் தொம்பையில் இருப்பது கைகொடுக்கும்.

எங்கள் மற்றொரு தொம்பை நாமக்கல்லில் உள்ள என் வீடு. ஆனால் 450 ஜி.பி.யை அங்கே கொண்டு செல்வது எப்படி? மச்சான் வீட்டு இணைய இணைப்பில் மேலேற்றும் வேகம் 8 மெகாபிட்; அதாவது வினாடிக்கு 1 எம்.பி. ஐந்து நாட்களுக்கு மேல் ஆகும், அதுவும் இணைப்பு அறுபடாவிட்டால். ஒரு வெளி டிஸ்கில் காப்பி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு பேருந்தில் இறங்கினால் இரண்டரை மணி நேரம். கணக்கிட்டுப் பார்த்தோம்: வினாடிக்கு 50 எம்.பி., அதாவது 400 மெகாபிட். எழுபது வளைவுகளில் ஆடி அசைந்து இறங்கும் பேருந்து, இணையத்தைக் காட்டிலும் ஐம்பது மடங்கு வேகம்!

இதைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். 2009இல் தென்னாப்பிரிக்காவில் வின்ஸ்டன் என்ற புறாவின் காலில் 4 ஜி.பி. அட்டையைக் கட்டி ஏறத்தாழ 80 கிலோ மீட்டர் பறக்கவிட்டனர். புறா வந்து சேர்ந்து, அட்டையிலிருந்ததைக் கணினியில் ஏற்றி முடிக்க 2 மணி 7 நிமிடம் ஆயிற்று. அந்நேரத்தில் இணையம் அதே தரவில் நூற்றுக்கு 4 பங்கையே கடத்தியிருந்தது. மற்றொன்று, 2019 ஏப்ரல் 10இல் வெளியான கருந்துளையின் முதற்படம். அதற்காக 2017இல் உலகின் பல தொலைநோக்கிகள் திரட்டிய தரவுகளை இணையத்தில் அனுப்ப இயலாமல், டிஸ்குகளாகவே விமானத்தில் ஏற்றி அனுப்பினர். தென் துருவத்து டிஸ்குகள் அங்கே குளிர்காலம் முடிந்து விமானம் இறங்கும் வரை மாதக் கணக்கில் காத்துக் கிடந்தன.

ஆகவே நான் இறங்கும்போது என் பையில் ஒரு டிஸ்க் இருந்தது. பெருநாளுக்குப் பெருநாள் அது மலைக்கு ஏறி, புதியவற்றையும் ஏற்றுக் கொண்டு திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

புறப்படுவதற்கு முந்தைய இரவு, கடைசிச் சோதனை ஒன்று எஞ்சியிருந்தது. வைத்ததைத் திரும்ப எடுக்க முடிகின்றதா என்று பார்ப்பது அது. மஃரிபுக்குப் பின் அனைவரும் கூடத்தில் அமர்ந்திருக்க, அக்காள் மகள் தன் கைப்பேசியிலிருந்து பெட்டியைத் திறந்து பதினேழாம் நாடாவைத் தொட்டாள். ஓரிரு வினாடியில் ஒலிக்கத் தொடங்கியது. யாரும் பேசவில்லை. 23ஆம் நிமிடம் நெருங்கியபோது அக்காள் என் கையைப் பற்றிக் கொண்டாள்.

"சின்னவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது குடை கொடுத்து அனுப்பு. எங்கேயாவது வச்சுட்டுத்தான் வருவான். அதுக்காகத் திட்டாதே. நான் வரும்போது வேற வாங்கிட்டு வர்றேன்."